மேடையில் காட்டிய கை

முதல் அடி முட்டிக்குக் கீழே விழுந்தது. வேட்டி கட்டியிருந்தவன் மடங்கி உட்கார்ந்தான்.

பெருமாள்ராஜ் கையில் இருந்தது இரும்புக் கொடிக்கம்பி. உலகப் பண்பாட்டு விழாவுக்காகப் பல்கலைக்கழக அரங்கின் வாசலில் இருபத்திரண்டு நாட்டுக் கொடிகளை நட்டிருந்தார்கள். அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். எந்த நாடு என்று பார்க்கவில்லை, கம்பி கனமா என்று மட்டும் பார்த்தான்.

அரங்கின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே மத்தியான வெயில் காய்ந்தது. உள்ளே மைக்கில் அடுத்த நடனத்தின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட வந்த வன்னியராஜ் மெக்சிகோத் தொப்பியில் இருந்தான். இன்னொருவனுக்கு அரபு அங்கி. பெருமாள்ராஜ் உடுத்தியிருந்தது கட்டம் போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை. உலகத்தையே உடுத்திக்கொண்டு வந்துதான் உள்ளூர்ச் சண்டை போட்டார்கள்.

காரணம் ஒரு கயிறு. அடிபட்டவனின் வலது மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் முறுக்கிக் கட்டியிருந்தது. என்னென்ன நிறம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நம்மில் பாதிப் பேர் அடித்தவன் பக்கமும் மீதிப் பேர் அடிபட்டவன் பக்கமும் போய் நின்றுவிடுவோம். இங்கே கயிற்றின் நிறம் தெரிந்தால் ஜாதி தெரியும், அவ்வளவு போதும்.

போன மாதம் பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்ற இசக்கிராஜாவின் காதை அறுத்தவர்கள் அந்த நிறக் கயிறு கட்டிய நாலு பேர். இசக்கிராஜா பெருமாள்ராஜின் சித்தப்பா மகன்.

இன்று காலை வாசலில் காவலாளி மந்திரமூர்த்தி பெருமாள்ராஜின் கயிற்றைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார். கயிறு கட்டி வரக்கூடாதென்ற விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். இந்த வேட்டிக்காரன் கயிறு மட்டும் தப்பியிருந்தது.

அதைக்கூடப் பெருமாள்ராஜ் பொறுத்திருப்பான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த வேட்டிக்காரன் மேடை ஏறி, அந்தக் கையை உயர்த்தி மொத்த அரங்குக்கும் காட்டினான். அரங்கு கைதட்டியது. பக்கவாட்டுக் கதவருகே நின்ற பெருமாள்ராஜுக்கு அவன் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. தூக்கிய கை நன்றாகப் புரிந்தது.

“எந்தத் தெருலே ஒனக்கு?”

தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் மாதிரி முகம், வாய் மட்டும் திறக்கவில்லை. திமிர்தான் என்று முடிவுகட்டித் தோளில் ஒன்று போட்டான், விலாவில் ஒன்று. “முருகா” என்றான் அவன்.

“ஊரச் சொல்லுலே.”

ஊர் என்றதும் அவன் முகம் மாறியது. அவசரமாகச் சட்டைப் பைக்குள் வலது கையை விட்டான்.

“கத்தி எடுக்காம்லே,” என்றான் வன்னியராஜ்.

கம்பி மணிக்கட்டில் இறங்கியது. முருங்கைக்கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு எட்டிப் பார்த்தது.

பெருமாள்ராஜ் அந்தக் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தான். கயிற்றை அறுக்க வன்னியராஜ் பிளேடோடு குனிந்தான்.

அத்தனை அடிக்கும் சும்மா இருந்தவன் அப்போதுதான் சண்டை போட்டான். பிளேடு கயிற்றைத் தொட்டதும் பெருமாள்ராஜின் விரலைக் கடித்தான். அரபு அங்கிக்காரன் அவன் வாயில் மிதித்தான். பல் ஒன்று சிமெண்டுத் தரையில் தெறித்தது. கயிறு அறுபடவில்லை.

பையிலிருந்து விழுந்தது கத்தி இல்லை. லேமினேட் செய்த ஒரு தாள்.

கையை விடாமலே குனிந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தான் பெருமாள்ராஜ். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கப்பல் பதிவின் நகல், இங்கிலீஷில். பெயர் முத்துமாலை. வயது பத்தொன்பது. ஜில்லா திருநெல்வேலி. ஊர் மேலப்புன்னையூர்.

இப்போது அந்த ஊருக்கு பஸ் பலகையில் வேறு பெயர். பழைய பெயர் கோவில் கொடைவிழா நோட்டீஸில் மட்டும்தான் வரும். வருடா வருடம் தன் ஊரில் அந்த நோட்டீஸை ஒட்டுகிறவன் பெருமாள்ராஜ்.

கடைசியாக ஜாதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் வாசித்தான்.

வலது கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

“நம்ம பயலே,” என்றான். அந்தக் கட்டத்தில் வேறொன்று எழுதியிருந்தால் கம்பி விழுந்திருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் சுகன்யா அடிபட்டவனைத் தேடி வந்தவள், பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“பாவி, மொரீசியஸ்ல இருந்து வந்தவம்லே இவன். தமிழே தெரியாதுலே.”

அவன் பத்து நாளாக பஸ்ஸிலும் டீக்கடையிலும் கப்பலேறிப்போன பூட்டனின் அந்தத் தாளை நீட்டி ‘ஊர், ஊர்’ என்று கேட்டுத் திரிந்தவன். இங்கே பையன்கள் கையிலெல்லாம் கயிற்றைப் பார்த்திருக்கிறான். அவர்கள் தீவில் தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு காப்புக் கட்டுவார்கள், நேர்ச்சை முடியாமல் அவிழ்க்க மாட்டார்கள். இதுவும் அதுதான் என்று எண்ணி, கடையில் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டான். விருந்தாளி கையில் கத்தரி வைக்க மந்திரமூர்த்திக்கு மனம் வரவில்லை.

மேடையில் கையைத் தூக்கி அவன் என்ன சொன்னான் என்பதையும் சுகன்யாதான் அழுதுகொண்டே தமிழில் சொன்னாள்.

“எங்க பாட்டன் பூட்டன் ஊர்க்காரவுக ஒருத்தராவது என் கையப் பிடிக்க வரைக்கும் இத அவுக்க மாட்டேம்னு சொன்னாம்லே.”

பெருமாள்ராஜ் குனிந்து பார்த்தான். அந்தக் கை இன்னும் அவன் பிடியில்தான் இருந்தது.