கிண்ணத்தில் ஒரு வெள்ளை மொச்சை

கிண்ணத்தைக் கவிழ்த்ததும் கறுப்பு மொச்சைகளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு வெள்ளை மொச்சை உருண்டு வந்து மேசை விளிம்பில் நின்றது.

புது ஆளைச் சேர்க்க மொச்சை போட்டு வாக்களிக்கும்போது, ஊரில் மற்ற சங்கங்களில் கறுப்பு விழுந்தால் மறுப்பு. இந்தச் சகோதரியர் சங்கத்தில் கறுப்புதான் சம்மதம். அந்தக் காலத்தில் இதைத் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் வேண்டுமென்றே அப்படி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளை விழுந்தாலும் ஆளைச் சேர்க்க முடியாது. மறுபடி ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

"யார் போட்டதுன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள் தலைவி வெர்நெல்.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் எர்லீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்லீன் எலுமிச்சை கேக்கை மும்முரமாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

சேர விரும்பியவள் கோர்ட்னி, அயோவாவிலிருந்து இந்த ஜார்ஜியா ஊர்ப் பள்ளிக்கு வந்த வெள்ளைக்கார டீச்சர். கொட்டும் மழையில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பெயர் சேர்த்தவள். இப்போது வெளியே காருக்குள் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சேருவதற்கு முன் சங்கத்தின் ஊதா நிறத்தை உடுத்தக் கூடாது என்பதுகூடத் தெரிந்து, சாம்பல் நிற கவுனில் வந்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எர்லீனுக்கு எரிச்சல் அதிகமானது.

வெர்நெல் எர்லீனைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னடி குறை அவகிட்ட?"

"சங்கப் பாட்டு தெரியுமா அவளுக்கு?"

"முழுசாத் தெரியும். நீதான் இன்னும் மூணாவது அடியில உளறுற."

"கை தட்டினா தாளம் தப்புது."

"உனக்குத் தப்பாததா?"

எர்லீன் கத்தியைக் கீழே வைத்தாள். "வெர்நெல், ஊர்ல அத்தனை சங்கமும் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்தினப்ப ஆரம்பிச்சது இது. வர்றவங்களை எல்லாம் உள்ள விட்டா அப்புறம் யாரு இதைக் காப்பாத்துறது?"

வெர்நெல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாமா. நீதான் காப்பாத்தணும்."

எர்லீன் சுவரைப் பார்த்தாள். சுவர் நிறைய ஆண்டு விழாப் படங்கள். எர்லீன் குள்ளம், எப்போதும் கடைசி வரிசையில் மூலையில்தான் நிற்பாள். இருந்தும் எந்தப் படத்திலும் அவளைத் தேட வேண்டியதில்லை. புதிதாகப் பார்ப்பவர் கண்கூட முதலில் அவள்மேல்தான் விழும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

"எங்கம்மா முதல் தடவை உனக்கு வெள்ளை போட்டவங்க, தெரியுமில்ல?" என்றாள் வெர்நெல்.

"தெரியும்."

"அப்புறம் கடைசி வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா உன் கேக்குதான் வேணும்னு அடம் பிடிச்சாங்க."

அந்த அம்மாளை எர்லீனுக்கு அவ்வளவு பிடிக்கும். முன்கூடத்துக்குப் போய், மொச்சைப் பையில் கையை விட்டாள்.

இந்தத் தடவை கிண்ணத்தில் விழுந்தது எல்லாம் கறுப்பு.

கோர்ட்னி உள்ளே ஓடி வந்து ஒருவர் விடாமல் கட்டிப்பிடித்து அழுதாள். எர்லீனை மட்டும் இரண்டு முறை கட்டிப்பிடித்தாள். "உங்களைப் பாத்துதான் அக்கா எனக்கு வரவே தைரியம் வந்துச்சு!"

"ம்" என்றாள் எர்லீன். "கேக் சாப்பிடு."

யாரோ எல்லோரையும் படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். கோர்ட்னி நேராகக் கடைசி வரிசை மூலைக்கு வந்து எர்லீனை ஒட்டி நின்றாள். எர்லீன் ஒரு அடி தள்ளி நின்றாள். கோர்ட்னியும் தள்ளி வந்தாள்.

வெர்நெல் இந்தப் பக்கமாகச் சாய்ந்து காதோடு கேட்டாள். "இப்பவாவது நிஜத்தைச் சொல்லுடி. முதல்ல ஏன் வெள்ளை போட்ட?"

எர்லீன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"இத்தனை வருஷமா 'நம்ம வெள்ளைக்காரி'ன்னா நான் ஒருத்திதான். இனிமே 'எந்த வெள்ளைக்காரி'ன்னு கேப்பாங்களேடி!"