ஆறாவது ஆள்

போன வருடம் ஒருநாள், கோப்பி ஆறுவதற்குள், கடவுளைத் தவிர வேறு யாரும் பார்த்திராத ஒன்றைத் தான் பார்த்துவிட்டதாக இன்று கடையில் ரூபேந்திரன் சொன்னார். அதுவும் கைலியோடு.

எதிரே இருந்த மணியம் ரொட்டி சானாயைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. பாசிர் கூடாங் ஆலையில் இருவரும் ஒரே ஷிப்ட்டில் நரைத்தவர்கள். மணியத்துக்கு அங்கே பாதுகாப்பு வேலை. ரூபேந்திரன் மெர்சிங்கில் பிடித்த மீன் சொல்லச் சொல்ல ஒரு முழம் வளரும்.

இன்று கதை கேட்கும் மனசும் இல்லை. பொந்தியானில் மணியத்தின் குளத்து இறால் இரண்டாம் தடவையாகச் செத்து மிதந்தது. குளத்தை விலை பேச மாலையில் ஒருவன் வருகிறான்.

ரூபேந்திரன் விடவில்லை.

அவர் மகள் பிரேமலா ஆய்வுக்கூடத்தில் துரத்துவது அந்த இறாலைக் கொல்லும் கிருமியின் புரதத்தைத்தான். நூல் மாதிரி நீண்ட அது எப்படி மடிந்து உருவம் எடுக்கிறது என்று தெரிந்தால்தான், எங்கே மறிப்பது என்று யோசிக்கவே முடியும். அதற்காகக் கணினிக்குள் ஐந்து ஏஐ ஏஜெண்டுகளை வைத்திருந்தாள். ஒருவன் தேட, ஒருவன் மடிக்க, மற்றவர்கள் சரிபார்க்க. அவர்களைக் கங்காணி மாதிரி மேய்க்கும் மண்டோர் வேலை அப்பாவுக்கு.

ஓவர்டைம் கேட்காத, எம்சி லீவு போடாத ஆட்கள். ஆனால் ஒருவன் ஓகே என்றால் எல்லாரும் ஓகே. புரதத்தின் வால் மட்டும் பிடிமானமில்லாமல் தொங்கியது.

ஆறாவதாக ஒருவனைச் சேர்த்தார். எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவன் வேலை.

வந்தவன் ஒன்றே ஒன்று கேட்டான். இது ஏன் தனியாக நிற்கிறது, ஜோடி எங்கே?

அதே புரதத்தின் இரண்டு பிரதிகளைச் சேர்த்து மடிக்கச் சொன்னார். தொங்கிய வால்கள் ஒன்றையொன்று தேடிப் போய், கோத்த விரல்கள் மாதிரி பூட்டிக்கொண்டன. திரையில் அது மெல்லச் சுழன்றது. முப்பது வருடம் மூடாத ரூபேந்திரனின் வாய் மூடிக்கொண்டது.

பிரேமலா அதோடு விடவில்லை. மாதக்கணக்கில் பாடுபட்டு நிஜப் புரதத்தையே படமெடுத்தாள். படம் இன்று காலை வந்தது.

ரூபேந்திரன் கைப்பேசியை நீட்டினார். கணித்தது ஒரு பக்கம், நிஜம் ஒரு பக்கம்.

மணியம் கையைத் துடைத்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அந்த ஆறாவது ஆளுக்கு என்ன பேரு?"

ரூபேந்திரன் சிரித்தார். ஆலைத் தொட்டிக்குள் தனியாக இறங்க வந்தவனையெல்லாம், மேனேஜரே ஆனாலும், ஜோடி எங்கே என்று வாசலில் மறித்து நின்ற ஒரு மனுஷனின் குணத்தைத்தான் எழுதிக் கொடுத்தாராம். பேரையும் சேர்த்து.

மணியம் தன் கைப்பேசியை எடுத்தார். குளம் வாங்க வருகிறவனைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு ரூபேந்திரனிடம் திரும்பினார்.

"கேட்டது நானா இருந்தா, அது நிஜமாத்தான் நடந்திருக்கும் லா."