பட்டியலில் இல்லாத சுறா

“மியூசியத்துல அப்படி என்னதான் பாத்தீங்க, சொல்லுங்களேன்?”

லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு வந்த கனகசுந்தரம் இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவர் மனைவி அன்னலட்சுமி ஆரம்பித்துவிட்டாள்.

“எல்லாம்தான் பாத்தேன். பழைய காசு, கத்தி, கப்பல்...”

“பார்லிமெண்டு? தேசிய நினைவுச் சின்னம்?”

“பஸ்லேருந்தே பாத்தாச்சு லா.”

அவளுக்கு எங்கேயோ இடித்தது. முப்பது வருடம் நில அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பு எழுதிக்கொண்டிருந்த மனிதர். சந்தைக்குப் போனாலும் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். சங்கத்துப் பெரியவர்களோடு இரண்டு நாள் கோலாலம்பூர் போவதற்கும் ஒன்பது இடங்களை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இப்போது மேசைமேல் கிடந்த அந்தத் தாளில் ஒரு வரிகூட அடிபடவில்லை.

“உண்மையைச் சொல்லுங்க. எங்க சுத்தினீங்க?”

“முதல் நாள் கோளரங்கம். மறுநாள் மீன் காட்சியகம். கண்ணாடிக் குகை மாதிரி, தலைக்கு மேலேயே சுறா நீந்துது, தெரியுமா!”

“அலமாக்! அறுபத்தொன்பது வயசுல சுறா பாக்கவா அவ்வளவு தூரம்?”

“நீ கோயில் பஸ்ல தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் பக்கம் பத்துமலை போயிட்டு வந்தப்ப, நான் இப்படியா குடைஞ்சேன்?”

அன்னலட்சுமி சட்டென்று எழுந்துபோய்த் தேநீர் கலக்கி வந்தாள்.

கேட்கலாமா வேண்டாமா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எட்டு வருடத்துக்கு முன் மகள் சுபத்திரா, டெஸ்மண்டைத் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு கோலாலம்பூர் போனாள். அன்றைக்கு இவர் சொன்ன சொல்: “இந்த வீட்டு ஆளுங்க யாரும் அவ வாசப்படியை மிதிக்கக் கூடாது.” பேரன் டாரில் பிறந்த செய்தி வந்தபோதும் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்காகப் பெற்ற வயிறு கேட்குமா?

“ஏங்க, அவ்வளவு தூரம் போனீங்களே. நம்ம சுபத்திராவை ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கலாம்ல?”

கனகசுந்தரம் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். மூக்கு நுனி சிவந்தது. போச்சு, மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டார் என்று அவள் பயந்துபோனாள்.

காலிக் கோப்பையை வைத்துவிட்டு, அவர் மெல்லச் சொன்னார்:

“அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம் லா. தனித்தனியா போனா, காட்டின இடத்தையே காட்டிட்டு இருக்கோம். நான் ஆசையா சுறாவைக் காட்டினா, டாரில் கொட்டாவி விட்டுட்டு, ‘இதெல்லாம் அம்மம்மா தைப்பூசத்துக்கு வந்தப்பவே காட்டிட்டாங்க தாத்தா’ங்கிறான்!”