பால் கண்ணாடியா, சாதாக் கண்ணாடியா?

"இன்னிக்கும் அந்த ஒடெட் அம்மா ஸ்டூல் மேல ஏறிட்டாங்க, ரோலாண்ட். எதிர்க் கட்டடத்து ஆம்பளையவே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எழுபது வயசுல இது என்ன பார்வை?"

போன்ல புகார் சொன்னது ரெண்டாம் மாடி ஷெரில். இந்த வாரத்துல இது மூணாவது தடவை.

"நான் பார்த்துக்கறேன்"னு போனை வச்சார் ரோலாண்ட்.

கனடாவுல சட்பரிங்கிற ஊர்ல, பன்னெண்டே வீடு இருக்கிற ஒரு குடியிருப்புக்கு அவர் சங்கத் தலைவர். ஆனா தொண்டையைக் கனைச்சார்னா ஊருக்கே மேயர் மாதிரி இருக்கும். க்ஹூம், க்க்ஹூம்னு ரெண்டு தரம். அப்புறம்தான் பேச்சே வரும்.

இப்ப அவருக்கு ஒரு தலைவலி. பால்கனிகள்ல இருந்த மரத் தடுப்பெல்லாம் உளுத்துப்போய், பிடுங்கிப் போட்டாச்சு. யாரும் விழுந்துடாம இருக்க பிளைவுட் பலகை அடிச்சு வச்சிருக்கு. அடுத்து கண்ணாடித் தடுப்பு. எந்தக் கண்ணாடிங்கிறதுலதான் பஞ்சாயத்து.

"பால் கண்ணாடி போடுவோம். வெளிச்சம் வரும், உள்ள இருக்கிறது தெரியாது. என்ன அழகு, என்ன அழகு"ன்னு கூட்டத்துல எல்லாரும் உருகினாங்க.

அழகாவது ஒண்ணாவது. ஒவ்வொரு பால்கனியிலயும் காருக்கு மாட்டுற பனிக்கால டயரு அடுக்கி வச்சிருக்கு, அதை மறைக்கணும். ரோலாண்ட் பால்கனியில டயரு நாலு, உடைஞ்ச ஹாக்கி மட்டை ஆறு, பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடாத மான் கொம்பு ஒண்ணு.

மூணாம் மாடி ஒடெட் அம்மா மட்டும் எழுந்து, "சாதாக் கண்ணாடி போடுங்க. தெளிவாத் தெரியணும்"னாங்க.

"எதிர்ல முதியோர் இல்லம்தானே இருக்கு, அதுல என்ன தெரியணும் உங்களுக்கு?"ன்னு ஷெரில் கேட்டா. கூட்டமே சிரிச்சுது. ரோலாண்டும்தான். அந்தம்மா உட்கார்ந்துட்டாங்க.

எல்லா வீட்டுக்கும் ஒரே கண்ணாடிதான் போடணும்னு விதி. கடைசி முடிவைத் தலைவர் கையில விட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில ஆர்டர் கொடுக்கணும்.

ரெண்டு மாதிரிக் கண்ணாடித் துண்டையும் கையில எடுத்துக்கிட்டு மாடி ஏறினார் ரோலாண்ட். ஸ்டூல் ஏறுறதை நிறுத்துங்கன்னு இன்னிக்குச் சொல்லிட வேண்டியதுதான்.

கதவு திறந்துதான் கிடந்துச்சு. ஒடெட் அம்மா பால்கனியில, ஸ்டூல் மேல. குள்ளமான மனுஷி, பலகை கழுத்து வரைக்கும் வந்துடும். ஸ்டூல்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டுறாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், முதியோர் இல்லத்துப் பால்கனியில ஒரு கிழவர். அவரும் கையை ஆட்டுறார், கொசு விரட்டுற மாதிரி.

க்ஹூம், க்க்ஹூம்.

"அம்மா, முதல்ல கீழ இறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா என் தலைதான் உருளும்."

கையைப் பிடிச்சு இறக்கிவிட்டார்.

"அங்க பாருங்க, அந்த மனுஷன் உங்களைப் போ போன்னு விரட்டுறார். கௌரவமா இருக்கா இது?"

"விரட்டலைப்பா. மத்தியானம் அங்க போட்ட மீனைப் பத்திச் சொல்றார். செருப்பை வறுத்துப் போட்ட மாதிரி இருந்துச்சாம்."

ரோலாண்டுக்குப் புரியல. "எப்படிச் சொல்றார்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

ஒடெட் அம்மா அவர் கையிலிருந்த பால் கண்ணாடித் துண்டை வாங்கி, அவர் முகத்துக்கு நேரா பிடிச்சாங்க.

"ஏதாவது பேசுங்க."

"என்னம்மா விளையாட்டு இது? நாளைக்கு ஆர்டர் போகணும், எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

"நீங்க பேசுறது எனக்குக் கேக்குது. முகம் தெரியல, ஆனா கேக்குது. அவருக்கு எதுவுமே கேக்காது, ரோலாண்ட். பொறந்ததுலேர்ந்தே."

ரோலாண்ட் கண்ணாடித் துண்டை விலக்கி, எதிர்ல நின்ன கிழவரைப் பார்த்தார்.

"ரெய்னோன்னு பேரு. பொண்டாட்டி இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் கையாலயே பேசிக்குவாங்களாம். அவங்க போனப்புறம் இங்க கொண்டுவந்து சேர்த்துட்டாங்க. அந்த இல்லத்துல சைகை தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்ல. போன வருஷம் என்னைப் பார்த்து ஒரு கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மறுநாள் ரெண்டு கையாலயும் என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கல. லைப்ரரிக்குப் போய்ப் புத்தகம் எடுத்துக்கிட்டு வந்தேன்."

"அதைப் பார்த்தா கத்துக்கிட்டீங்க?"

"அரைகுறைதான். நான் தப்பாச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நாள், சூப் குடிச்சேன்னு சொல்றேன்னு, நாயைக் குடிச்சேன்னு சொல்லிட்டேனாம்."

"நேர்லயே போய்ப் பார்க்கலாமேம்மா?"

"ஞாயித்துக்கிழமை போறேன். மத்த நாள் சாயங்காலத்துல வெளியாளை விட மாட்டாங்க. அந்த நேரத்துலதான் அவருக்குப் பேச்சு வேண்டியிருக்கு."

"இதை அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க, பரவாயில்ல. அவரைப் பார்த்தும் சிரிக்க வேணாம்னு விட்டுட்டேன்."



எதிர்ப் பக்கம் கிழவர் மறுபடி கையை ஆட்டினார். இந்தத் தடவை வேகமா.

"என்ன சொல்றாரு?"

"அந்தத் தடியன் யாரு, உன்னைத் திட்டுறானான்னு கேக்கறார்."

ரோலாண்ட் குனிஞ்சு தன் தொப்பையைப் பார்த்தார். அப்புறம் பால் கண்ணாடித் துண்டை வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, பலகை ஓரமாப் போய் நின்னார்.

"அம்மா, 'சாதாக் கண்ணாடி'ன்னு கையால எப்படிச் சொல்றது? எனக்குக் காட்டுங்க, நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."