அணைக்காத கற்பூரம்

காசிநாதன் பட்டறை முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கியதும், கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பின்பக்கம் எடது கதவுல கண்ணாடி ஏறல கொளஞ்சி. ரெண்டு மெக்கானிக் பாத்துட்டானுங்க, ஒண்ணும் வேலைக்கு ஆவல. உன்ன வுட்டா ஆள் இல்ல," என்றார் அவர்.

வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் கொளஞ்சியப்பன் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்பு வரை களமருதூரில் இந்த மனிதரின் காருக்கும் டிராக்டருக்கும் அவன்தான் வைத்தியம். அவன் பெண்சாதி தைலம்மாளுக்கு அவர் வீட்டில் வேலை. எல்லாம் அந்தச் சங்கிலி காணாமல் போகிற வரைக்கும்தான்.

போன ஆடியில் காசிநாதனும் அவர் சம்சாரமும் வெள்ளிமலைக்குப் போய் சாமி கும்பிட்டு வந்தார்கள். மலைப்பாதை வளைவுகள் அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் வாந்தி. வந்து படுத்தவருக்குத் தைலம்மாள்தான் தலையைப் பிடித்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கூட இருந்தாள். விடிந்து பார்த்தால் கழுத்திலிருந்த இரண்டு பவுன் சங்கிலியைக் காணோம்.

வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பெரியநாயகி. வீட்டுப் பெண்ணை யார் கேட்பது? மிச்சம் தைலம்மாள்தான்.

காசிநாதன் நல்லவிதமாகத்தான் சொன்னார். போலீஸெல்லாம் வேண்டாம், மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிடு, நம்பிவிடுகிறேன் என்றார். 'நான் எடுக்கல, எடுத்தவங்க குலம் வெளங்காம போவட்டும்' என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

ஊரே கூடி நின்றது. தைலம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டிக் கிடக்கிறது? எடுக்காதவள் எதற்குப் பயப்பட வேண்டும்? கட்டினவனே அப்படித்தான் நினைத்தான். கேட்டுப் பார்த்தான், கத்திப் பார்த்தான், ஒரு தடவை கைகூட நீட்டிவிட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் தலைகாட்ட முடியாமல் கள்ளக்குறிச்சிக்கு வந்து கருணாபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அவள் வைக்கிற சோற்றைத் தின்பான், அவ்வளவுதான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷம் ஒன்றாகிறது.

கொளஞ்சியப்பன் வேலையை ஆரம்பித்தான். கைப்பிடிக்கு அடியிலிருந்த இரண்டு ஸ்குருவைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டையை ஓரத்தில் நெம்பினான். கிளிப்புகள் படபடவென்று விட்டன. சுவிட்சு வயரைப் பிடுங்கி, அட்டையைச் சுவரோரம் சாத்தினான். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்து டார்ச் அடித்தான்.

இதற்கு முன்னால் பார்த்த புண்ணியவான்கள் அட்டையைக் கழற்றவே இல்லை என்பது தெரிந்தது. மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியை இழுக்கும் கம்பியில் என்னவோ சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்குதுங்க?"

"போன ஆடிலேர்ந்தே முக்கி மொனகிக்கினுதான் ஏறும். இப்ப சுத்தமா நின்னுபோச்சி."

கொளஞ்சியப்பன் உள்ளே கையை விட்டான். தகர விளிம்பு மணிக்கட்டைக் கிழித்தது. கிரீஸோடு வந்ததைத் துணியில் துடைத்தான். இரண்டு பவுன் சங்கிலி.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்த அம்மாளின் கழுத்திலிருந்து கொக்கி விட்டு, கண்ணாடி இறங்குகிற சந்து வழியாகக் கதவுக்குள் விழுந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

காசிநாதன் சங்கிலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போனது கிடைத்துவிட்டது, இதை ஊருக்குள் பெரிசு பண்ண வேண்டாம், கிளறினால் எல்லோருக்கும் அசிங்கம் என்றார்.

"நானா உன் பொண்டாட்டிய திருடின்னு சொன்னேன்? கற்பூரத்த அணைக்காம போனது அவதானே?"

ஒரு வருஷமாகக் கொளஞ்சியப்பனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அட்டையைக்கூட மாட்டாமல், கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

தைலம்மாள் அப்போதுதான் கரும்பு வெட்டிவிட்டு வந்து, சோகை இலை கிழித்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"கதவுக்குள்ளயா கெடந்திச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"எடுக்காதவ அன்னிக்கு ஏன் தைலம்மா அணைக்கல?"

பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு விடிகாலம், பெரியநாயகி கொல்லப்பக்கம் வந்து நின்ன அது வூட்டுக்காரன் கையில எதையோ முடிஞ்சி குடுத்துட்டு அழுதுகினு நின்னுச்சி. சங்கிலியத்தான் குடுக்குதுன்னு நெனைச்சிட்டேன்."

"அத என்னாண்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?" என்றாள் தைலம்மாள். "அந்தப் பொண்ணுக்கு அப்ப ஏழு மாசம். நான் கற்பூரத்த அணைச்சிருந்தா, ஆத்தா அந்த வயித்துலதான கைய வெச்சிருப்பா?"