ரப்பர் பேண்டில் ஒரு நேர்கோடு

பதினோராம் வகுப்பில் மகளுக்குக் கணக்குப் பாடம் கேட்டுக் கெஞ்சத்தான் அந்த பஸ் டிரைவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பள்ளிக்கு வந்திருக்கிறார். "கண்ணு தெரியாத பிள்ளை கிராஃப் எப்படிங்க போடும்?" என்று தலைமை ஆசிரியை போன வாரம் கேட்டது அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. வகுப்பு வாசலிலேயே கால் நின்றுவிடுகிறது. வெயில் விழும் மேசையில் ஒரு தக்கைப் பலகை; அதில் நூல் ஒட்டிய கட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடித்த கயிறுகள். ஒரு பக்கம் மகள், எதிரே தலைமை ஆசிரியை. "ரெண்டு எக்ஸ், கூட்டல் மூணு ஒய், சமம் பன்னிரண்டு" என்கிறார் அவர். "எக்ஸ் சைபர்னா ஒய் நாலு" என்று மகள் நெடுக்குக் கயிற்றில் விரலால் எண்ணிக் குண்டூசியைக் குத்துகிறாள். "ஒய் சைபர்னா எக்ஸ் ஆறு." குறுக்குக் கயிற்றில் இன்னொன்று. இரண்டிலும் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டுகிறாள். அது விறைத்து நிற்கிறது. "இது சரின்னு எப்படிம்மா சொல்ற?" "வலப்பக்கம் மூணு போய், மேல ரெண்டு ஏறினா அங்கயும் கோடு இருக்கணும் மிஸ்." விரல் நிதானமாக நகர்ந்து, ஏறி, ரப்பர் பேண்டில் முட்டுகிறது. தலைமை ஆசிரியையும் தன் விரலை அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். "கணக்கே எடுத்துக்கோம்மா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்." டிரைவர் வாசலிலிருந்து தலையை உள்ளே நீட்டுகிறார். மகள் திரும்பாமலே சிரிக்கிறாள். "அப்பா, டீசல் வாசனை அப்பவே வந்துருச்சு. கிளாஸ்ல எட்டிப் பாக்கக் கூடாது, வெளிய நில்லுங்க." படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுகிற மனிதர், "சரிங்கம்மா" என்று சொல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவில் போய் நிற்கிறார்.