மூடியைத் திறக்காதீர்

மூடியைத் தூக்கியதும் வந்தது குளிர் அல்ல, நாற்றம்.

வஞ்சிரம் துண்டுகள் கலங்கிய தண்ணீரில் மிதந்தன. இறால் பொட்டலம் உப்பிப் போயிருந்தது. எனக்குப் பக்கத்தில் மசாலாக் கையோடு என் மனைவி சாமுண்டீஸ்வரி. வாசற்படியில், துண்டால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு சம்பந்தி தட்சணாமூர்த்தி.

கூடத்தில் சிவனே என்று உட்கார்ந்திருந்த மனிதரை, ஃப்ரீசரைப் பாருங்கள் என்று இழுத்து வந்தது நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதை.

ஆவணியில் நடந்த எங்கள் ரேணுகாவின் கல்யாணப் பந்தியிலேயே அவர் ஒரு வார்த்தை விட்டிருந்தார். மரக்காணத்தில் பெண் எடுத்தும் ஒரு மீன்முள்ளைக்கூடக் கண்ணில் காட்டவில்லையாம். கிளியனூரில், புகுந்த வீட்டில், என் மகள் அந்தப் பேச்சைத் தினமும் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அந்த வாயை மீனாலேயே அடைப்பது என்று நான் சபதம் எடுத்திருந்தேன்.

அதற்காகத்தான் குயிலாப்பாளையத்தில் மூடிவிட்ட ஒரு விடுதியிலிருந்து இந்தப் பழைய ஃப்ரீசரை வாங்கினேன். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியை விட்டுவிடும், மீன் மலிவு. அப்போது வாங்கி அடுக்கினேன். என் மூளையை மெச்ச ஆள் இல்லாததால் நானே மெச்சிக்கொண்டேன்.

உப்பளத்துக்காரன் வீட்டில் கரண்டு சாமான் நிலைக்காது என்பார்கள். உப்புக்காற்று பிளக்கைத் தின்றுவிடும். நான் விடுவேனா? வாரம் ஒருமுறை பிளக்கின் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்டெபிலைசர் வைத்தேன். குளிர் வீணாகக் கூடாது என்று மூடியில் காகிதம் ஒட்டினேன்: ‘என்னைக் கேட்காமல் திறக்காதீர்.’ கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளும் திறக்கவில்லை. அதனால்தான் ஃப்ரீசர் செத்து இரண்டு நாளாகியும் யாருக்கும் தெரியவில்லை.

சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. யார் இதை அணைத்தது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சத்தம் கேட்டு ரேணுகா ஓடிவந்தாள். மிதக்கும் மீனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

சாமுண்டீஸ்வரி சுவிட்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நாந்தாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு, பாவம், இதுவும் ஒரு நாளு ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு ஆஃப் பண்ணேன். திரும்பப் போட மறந்துட்டேன்.”

அடுத்து நான் பேசியது கால் மணி நேரம் இருக்கும். மின்சாரம் என்றால் என்ன, குளிர் என்றால் என்ன, விவரம் தெரியாதவர்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தேறாதவன் நான். அவள் பத்தாவது பாஸ்.

தொண்டை கட்டியதும், போகட்டும் என்று அவளை மன்னித்தேன்.

“வேற ஆளா இருந்தா கை ஓங்கியிருப்பான் சம்பந்தி. உங்களுக்குப் பெரிய மனசு” என்றார் தட்சணாமூர்த்தி, துண்டை எடுக்காமலே.

சாமுண்டீஸ்வரி பரணிலிருந்து கருவாட்டுச் சட்டியை இறக்கினாள். அரைத்து வைத்த மசாலாவில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. சம்பந்தி இரண்டாம் முறையும் சோறு கேட்டார். ரேணுகா முகம் தெளிந்து பரிமாறினாள்.

எனக்குத்தான் இறங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சுவிட்சை அணைத்தது நான்.

மழைக்காலம் என்று உப்பளத்து மோட்டாரைக் கழற்றிவந்து அந்த அறையில்தான் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜையில் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவன், பக்கத்தில் இருந்த ஃப்ரீசருக்கும் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். வருடம் முழுக்க உழைக்கிற மோட்டாருக்கு ஓய்வு உண்டென்றால் இதற்கும் உண்டுதானே என்று அணைத்தேன். எல்லாம் எனக்கு நினைவு வந்துவிட்டது, சாமுண்டீஸ்வரி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. இருந்தும் மன்னித்தேன்.

ஒருத்தருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். எதிர் இலையில் சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மடிந்திருந்தது. சிரிப்பை அடக்குகிற மனிதரின் முகம்.

அப்போதுதான் உறைத்தது. மகளின் முதல் சரஸ்வதி பூஜை என்று சாமுண்டீஸ்வரி வியாழக்கிழமையே புறப்பட்டுப் போனவள். சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பினாள். பூஜை அன்று முழுக்க அவள் இருந்தது கிளியனூரில், இவர் வீட்டில்.